மலைக்குப் போகும் முன்

கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் பயணத் திட்டங்கள் சில பங்குத்தந்தையின் மேசைக்கு வந்து சேருவது வழக்கம். பெரும்பாலும் அவை வேளாங்கண்ணியை நோக்கியவை. வழியும் தெரியும், தங்குமிடமும் தெரியும். நாம் சொல்வதற்கு அதிகம் ஒன்றுமில்லை. இவ்வாண்டு கடியப்பட்டணத்துக் குடும்பம் ஒன்று வேறொரு திட்டத்தைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் வாழும் உறவினர் ஒருவர், அந்நாட்டின் மேற்கு மாநிலங்களிலுள்ள தேசியப் பூங்காக்களை மனைவி மக்களோடு காரிலேயே சுற்றிவந்து, படங்களை அனுப்பியிருக்கிறார். நமக்கும் மேற்கே மலைத்தொடர் உண்டே, அங்கும் தேசியப் பூங்காக்கள் உண்டே என்று இங்குள்ள பிள்ளைகள் ஆசைப்பட்டுவிட்டனர். நோட்டுத் தாளில் பள்ளிப் பிள்ளையின் கையெழுத்தில் எழுதியிருந்தது திட்டம்: ஒரு வேன், இரண்டு குடும்பங்கள், ஐந்து நாட்கள், ஏழு பூங்காக்கள். பெரியாறு, இரவிகுளம், ஆனைமலை, அமைதிப் பள்ளத்தாக்கு, முதுமலை, பந்திப்பூர், நாகரஹொளே.

இத்தகைய ஆசை எழுந்ததே நல்லது. கடற்கரை மக்களுக்கு மலை அந்நியமன்று. ஆழத்தில் பார் கிடக்கும் இடத்தை அறிய, கரையிலுள்ள ஆலயக் கோபுரத்தையும் அதற்குப் பின்னால் எழும் மலைமுகட்டையும் ஒரே நேராக்கிப் பார்க்கும் கலை நம் பெரியவர்களுக்குக் கைவந்தது. எந்த முகடு எந்தத் தொலைவில் எப்படித் தோன்றும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக் கூடியவர்கள் அவர்கள். ஆயினும், அம்மலைகளில் ஒன்றின்மேல் காலூன்றி நின்று கடலைத் திரும்பிப் பார்த்தவர் எத்தனை பேர்? ஊருக்கு அருகே கடலில் கலக்கும் வள்ளியாறு எங்கிருந்து வருகிறது என்று மறைக்கல்விப் பிள்ளைகளைக் கேட்டால், பாலத்தடியிலிருந்து என்று பதில் வருகிறது.

நிற்க. திட்டத்தைக் காட்டியபோது அத்தாயார் கேட்ட கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம். "சாமி, அவருக்கு இரண்டு மாதம் ஓய்வு கிடைப்பது மழையில். பிள்ளைகளுக்கு விடுமுறை கிடைப்பது வெயிலில். நாங்கள் எல்லாரும் சேர்ந்து எப்போது போவது?"

நகரத்து வாசகர்களுக்கு இதைச் சற்று விளக்க வேண்டும். நம் மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாட்கள். மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்காக அரசு விதித்திருப்பது. விசைப்படகில் ஆழ்கடலுக்குச் செல்லும் தகப்பனார் வீட்டில் தொடர்ந்து தங்கியிருப்பது அவ்விரு மாதங்களில்தான். பள்ளியோ ஜூன் தொடக்கத்திலேயே திறந்துவிடுகிறது. ஜூன் இறுதியில் புனித பேதுரு, பவுல் திருவிழா. ஊரை விட்டு எவரும் அசையமாட்டார். தவிரவும், அக்குடும்பத்தின் மூத்த மகள் இவ்வாண்டு செவிலியர் படிப்புக்காக வெளியூர் செல்கிறாள். ஐவரும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் கடைசிக் கோடை இதுவாகவும் இருக்கலாம். ஆகவே, எப்போது போவது என்பது சிறிய கேள்வியன்று.

ஓய்வு இருக்கிறதே என்று ஜூன், ஜூலையில் பள்ளிக்கு விடுப்பெடுத்துப் போகலாமா? வேண்டாம் என்பதே என் பதில். தென்மேற்குப் பருவமழை முழு வலிமையோடு மோதுவது அம்மலைகளின் மேற்குச் சரிவில்தான். 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு, மூணாறுக்கு அப்பால் இராஜமலையை அடுத்த பெட்டிமுடி என்னும் தேயிலைத் தோட்டத்தில் மலை சரிந்து, தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளை மண் மூடியது. மறைந்தவர் எழுபது பேர். அவர்கள் பல தலைமுறைகளுக்கு முன்னர் தமிழ்நாட்டிலிருந்து பிழைக்கச் சென்ற குடும்பத்தினர். 2017இல் ஒக்கிப் புயல் நம் ஊர்களில் என்ன செய்தது என்பதை அறிந்த நமக்கு, இதைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. கடலில் எந்த மாதம் எப்படி இருக்கும் என்று கேட்டறிந்து இறங்குகிறோம். மலையிலும் அப்படித்தான்.

அப்படியானால் மழைக்கு முன்னர், பிப்ரவரி, மார்ச்சில் போகலாமே என்பார் சிலர். அப்போது பிள்ளைகளுக்குத் தேர்வு என்பது ஒருபுறமிருக்க, இரவிகுளம் அம்மாதங்களில் பெரும்பாலும் மூடியிருக்கும். காரணம் வரையாடு. அது நம் மாநில விலங்கு. தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமுள்ள மேற்குத் தொடர்ச்சி மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாதது. 2025இல் இரு மாநிலங்களும் சேர்ந்து எடுத்த கணக்கெடுப்பில் மொத்தம் 2,668 ஆடுகளே இருந்தன. அவற்றுள் எண்ணூறுக்கு மேற்பட்டவை இரவிகுளத்தில். அவை குட்டி ஈனும் காலத்தில் மனிதர் கால் அங்கே படலாகாது என்று, வழக்கமாகப் பிப்ரவரி தொடக்கம் முதல் மார்ச் இறுதி வரை வனத்துறையினர் வாயிலை அடைத்துவிடுகின்றனர்.

இதைச் சொன்னபோது, அருகில் நின்ற தகப்பனார் சிரித்துவிட்டார். "எங்களுக்குப் போலவே அதற்கும் தடைக்காலமா?" என்றார். ஆம், அதே இரண்டு மாதம், அதே காரணம். தடைக்காலத்தின்மீது நம் மக்களுக்குள்ள மனக்குறையை நான் அறிவேன். வருவாயின்றி 61 நாட்களைத் தள்ளுவது எத்தனை கடினம் என்பதை, அடகுக் கடைகளின் வாசலில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாலே தெரியும். ஆயினும், இனப்பெருக்கக் காலத்துக்காகக் கதவடைத்துக் காத்திருப்பது என்றால் என்னவென்று தம் வயிற்றாலேயே அறிந்தவர்கள் நாம். மூடிய வாயிலின் முன் நின்று காவலரோடு வாதாடி, பணத்தை நீட்டி, எப்படியாவது உள்ளே நுழைந்துவிட முயலும் பயணிகளின் கூட்டத்தில் கடற்கரையார் எவரும் இருக்கலாகாது.

ஆகவே எஞ்சுவது ஏப்ரல் கடைசி வாரம் முதல் மே நடுப்பகுதி வரையுள்ள நாட்களே. அப்போது தகப்பனார் ஒரு முறை கடலுக்குப் போவதை விட்டுத்தர வேண்டியிருக்கும். அந்த இழப்பைப் பயணச் செலவின் முதல் வரியில் எழுதுங்கள். வேன் வாடகை, அறை வாடகை, நுழைவுச் சீட்டு எல்லாம் அதற்குக் கீழே வரட்டும். அப்படி எழுதிக் கூட்டிப் பார்த்த பின்னரும் கையிலுள்ள பணத்தில் முடியுமானால் புறப்படுங்கள். நகையை அடகு வைத்துச் சுற்றுலா போவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அதைவிட, ஜூலை மாதத்து ஞாயிறு ஒன்றில், திருப்பலி முடிந்ததும் மழை விட்ட நேரம் பார்த்து, பேச்சிப்பாறைக்குச் சோறு கட்டிக்கொண்டு போய்வாருங்கள். 1906இல் கட்டி முடிக்கப்பட்ட அணை அது. அதன் பின்னால் தெரியும் காடும் மேற்குத் தொடர்ச்சி மலையே. நம் மாவட்டத்துக்கென்று அமைந்த வனவிலங்குச் சரணாலயமும் அம்மலைகளில்தான் இருக்கிறது.

இனி அந்த ஏழு என்னும் எண்ணைப் பற்றி. அமெரிக்க உறவினரின் படங்களைப் பார்த்துத் திட்டம் வகுத்ததால் வந்த வினை இது. 1872இல் ஏற்பட்ட யெல்லோஸ்டோன் பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 9,000 சதுர கிலோமீட்டர். கார்கள் சுற்றிவர உள்ளேயே நெடுஞ்சாலைகள் அமைத்திருக்கிறார்கள். இரவிகுளமோ 97 சதுர கிலோமீட்டர். ஆனைமலைத் தேசியப் பூங்கா சுமார் 117. நம்முடையவை வண்டியில் சுற்றிவருவதற்காக ஏற்பட்டவையல்ல. யானையும் புலியும் வரையாடும் வாழ எஞ்சிய இடம் இதுதான் என்று வேலியிட்டுக் காக்கப்படுபவை. அவற்றின் ஓர் ஓரத்தில் மட்டுமே நமக்கு அனுமதி. அதுவும் பல இடங்களில் வனத்துறையின் வண்டியில்தான். ஐந்து நாட்களில் ஏழைப் பார்ப்பதென்றால், ஏழு வாயில்களையும் ஏழு வண்டி நிறுத்துமிடங்களையும் பார்த்துத் திரும்பலாம். மூன்று போதும். பெரியாறு, இரவிகுளம், ஆனைமலை. இம்மூன்றும் ஒரே வழியில் அடுத்தடுத்து அமைந்திருப்பது நம் நல்வாய்ப்பு.

அதிகாலையில் புறப்பட்டாலும் குமுளி சேர முதல் நாள் பகல் முழுவதும் கழிந்துவிடும். தேக்கடி ஏரி இயற்கையாக அமைந்ததன்று. பெரியாற்றின் குறுக்கே 1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணையால் தேங்கிய நீர். மூழ்கிய மரங்களின் பட்ட தண்டுகள் இன்றும் நீருக்கு வெளியே நிற்கின்றன. 1978இல் புலிகள் காப்பகமாயிற்று. அதன் மையப்பகுதி 1982இல் தேசியப் பூங்காவாயிற்று. அங்கே படகுச் சவாரிதான் எல்லாருக்கும் பிடித்தது. படகு என்றதும் நம் ஆட்களுக்கு ஓர் இளக்காரம் வரும்; அலையில்லாத குளத்து நீர்தானே என்று. 2009 செப்டம்பர் 30ஆம் நாள், அதே அலையில்லாத நீரில் இரண்டு தளங்கள் கொண்ட சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். விலங்குகளைக் காண மேல்தளத்திலிருந்தோர் ஒரே பக்கமாக ஒதுங்கியது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. பாரம் ஒரு பக்கம் சாய்ந்தால் என்ன ஆகும் என்பதை வள்ளத்தில் வளர்ந்த பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டுமா? கொடுக்கும் உயிர்காப்பு உடையை அணிந்து, இருந்த இடத்தில் இருங்கள். தகப்பன்மாரே, நீங்கள் முதலில் அணியுங்கள். கடலில் அதை அணியக் கூச்சப்படும் நம் ஆண்கள் ஏரியிலாவது பிள்ளைகளின் கண்முன் அணிந்து பழகட்டும்.

தேக்கடியில் படகைவிட எனக்கு உயர்வாகத் தோன்றுவது வேறொன்று. அக்காட்டில் வயணா மரத்தின் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்று வந்தவர்கள் ஒரு கூட்டத்தார் இருந்தனர். வழக்கும் சிறையும் அவர்களைத் திருத்தவில்லை. பின்னர், 1990களின் பிற்பகுதியில், வனத்துறையினர் அவர்களோடு பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்து, பயணிகளுக்கு வழிகாட்டிகளாகவும் காட்டுக்குக் காவலர்களாகவும் அவர்களையே ஆக்கினர். எந்தப் பாதையில் யார் வருவார்கள் என்பது அவர்களுக்குத்தானே தெரியும்! இன்று அங்கே நடைப்பயணம் போகிறவர்கள் அத்தகையோரின் பின்னாலும், மன்னான், பளியர் ஆகிய பழங்குடியினரின் பின்னாலும் நடக்கிறார்கள். உங்கள் வழிகாட்டியின் பெயரைக் கேளுங்கள். அவர் சொல்வதைப் பிள்ளைகள் குறித்துக்கொள்ளட்டும். வெளியார் வந்து நம் கடலைப் பற்றி நமக்கே பாடம் சொல்லும்போது நமக்கு எப்படியிருக்கிறது? காட்டில் வாழ்வோர் முன் அவ்விதம் நாம் நடந்துகொள்ள வேண்டாம்.

குமுளியிலிருந்து மூணாறுக்கு ஏலத் தோட்டங்களின் ஊடே ஏறத்தாழ நான்கு மணி நேரம். இரவிகுளத்தின் இராஜமலைப் பகுதிக்கு நம் வேன் போகாது. வாயிலில் நிறுத்திவிட்டு வனத்துறைப் பேருந்தில் ஏற வேண்டும். சீட்டை முன்பதிவு செய்துகொள்ளுங்கள், இல்லையேல் மே மாதக் கூட்டத்தில் அரை நாள் வரிசையில் போய்விடும். மேலே சென்றால், ஏப்ரல், மே மாதங்களில் குட்டிகளோடு மேயும் வரையாடுகளைச் சாலையோரத்திலேயே காணலாம். அவை மனிதரைக் கண்டு அஞ்சுவதில்லை. அதனால்தான் அவற்றைத் தொடாமலும், தின்பண்டம் நீட்டாமலும் இருப்பது நம் பொறுப்பாகிறது. எதிரே நிற்பது ஆனமுடி, 2,695 மீட்டர். இமயத்துக்குத் தெற்கே இந்நாட்டில் அதைவிட உயர்ந்த சிகரம் கிடையாது. நீலக்குறிஞ்சி பூத்திருக்குமா என்று பிள்ளைகள் கேட்பர். அது பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது, 2006இலும் 2018இலும் மலை முழுதும் பூத்தது, அடுத்து 2030. மூத்த மகள் படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்திருக்கும் ஆண்டு!

ஞாயிறு இடையில் வருமானால் அதை மூணாறில் அமைத்துக்கொள்ளுங்கள். கார்மல் மலை அன்னை ஆலயம் அங்குண்டு. தேயிலைத் தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்களோடு அமர்ந்து வழிபடும் வாய்ப்பு கிட்டும். பெட்டிமுடியில் மறைந்தவர்களுக்காக ஒரு செபம் சொல்வதற்கும் அது பொருத்தமான இடம்.

மூணாறிலிருந்து மறையூர், சின்னாறு வழியாக உடுமலைக்கு இறங்கும் சாலையைப் பகலிலேயே கடந்துவிடுங்கள். மலையின் மழைமறைவுப் பக்கம் அது. ஓரிரு மணி நேரத்திற்குள் ஈரச் சோலை மறைந்து முட்காடு வந்துவிடும். புவியியல் பாடத்தில் படித்த மழைமறைவுப் பகுதியைப் பிள்ளைகள் சன்னல் வழியே பார்க்கலாம். உடுமலையிலிருந்து பொள்ளாச்சி, அங்கிருந்து சேத்துமடை வழியாக டாப்சிலிப் சுமார் 35 கிலோமீட்டர். வெட்டிய தேக்கு மரங்களை மேலிருந்து சரிவில் உருட்டிவிட்டதால் வந்த பெயர் அது. கப்பலுக்கும் இருப்புப்பாதைக்குமாக வெட்டி வெட்டிக் காடு மொட்டையான காலத்தில், ஹியூகோ வுட் என்னும் ஆங்கில வன அதிகாரி வெட்டுவதை நிறுத்தி மீண்டும் காடு வளர்த்தார். சட்டைப் பையில் தேக்கு விதையை நிரப்பிக்கொண்டு, நடக்கும்போதே கைத்தடியால் குழியிட்டு ஊன்றுவாராம். 1933இல் இறந்தவரை அவர் விருப்பப்படி அம்மரங்களுக்கிடையிலேயே அடக்கம் செய்தனர். அவர் நினைவுச் சின்னத்தைத் தேடுவோர் சுற்றிலும் பார்க்கட்டும் என்ற பொருளில் இலத்தீன் வாசகம் ஒன்று அக்கல்லறையில் உண்டு. குருமடத்தில் பல ஆண்டுகள் இலத்தீன் படித்தவனுக்கு அது பயன்பட்ட அபூர்வமான இடங்களுள் ஒன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அங்கே கோழிகமுத்தியில் யானை முகாம் உண்டு. பாகர்களில் பலர் மலசர் குடியினர். வெயில் மிகுந்து காட்டுத் தீ அபாயம் இருக்கும் நாட்களில் டாப்சிலிப்பையும் மூடிவிடுவதுண்டு. ஆகவே, புறப்படுவதற்கு முந்திய நாள் பொள்ளாச்சி வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 2018 மார்ச் 11இல் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் தீயில் சிக்கி இறந்ததை மறந்துவிடலாகாது. பீடியோ சிகரெட்டோ காட்டில் பற்றவைப்பதே குற்றம்.

மற்ற நான்கையும் இம்முறை விட்டுவிடுவதில் வருத்தம் வேண்டாம். நீலகிரிப் பக்கம் போவதென்றால் தனிப் பயணமாக வையுங்கள். 2024 மே முதல் அங்கே செல்லும் வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறை வந்தது. புறப்படுமுன் அப்போதைய விதியை விசாரியுங்கள். பந்திப்பூர்ச் சாலையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்து இல்லை. இரவோடு இரவாக ஓட்டிவிடலாம் என்னும் நம் வேன்காரர்களின் கணக்கு அங்கே செல்லாது. அமைதிப் பள்ளத்தாக்கை மட்டும் பிள்ளைகளுக்குக் கதையாகவேனும் சொல்லுங்கள். குந்திப்புழை ஆற்றில் மின் திட்டத்துக்காக அணை கட்ட இருந்ததை, ஆசிரியர்களும் கவிஞர்களும் அறிவியலாரும் ஆண்டுக்கணக்கில் எதிர்த்துத் தடுத்தனர். 1984இல் அது தேசியப் பூங்காவாயிற்று.

வேனுக்குள் நடப்பவை குறித்துச் சில சொற்கள். வாடகை வேன் குமுளியில் கேரளத்துக்குள் நுழைகிறது, சின்னாறில் வெளியேறுகிறது. அதற்குரிய அனுமதிச் சீட்டையும் வரியையும் முன்னரே பேசி முடியுங்கள். ஓட்டுநருக்கு இரவில் படுக்க இடம் தாருங்கள். வண்டியிலேயே தூங்கிக்கொள்வார் என்று விட்டுவிட்டு மறுநாள் நாற்பது வளைவுகளில் உங்கள் பிள்ளைகளை அவர் கையில் ஒப்படைப்பது அறிவீனம். மது உள்ள வண்டியில் பெண்களும் பிள்ளைகளும் ஏற வேண்டாம் என்று தாய்மார் முன்கூட்டியே சொல்லிவிடலாம். நான் சொன்னதாகவும் சொல்லலாம். ஒலிபெருக்கிப் பாட்டைக் காட்டு எல்லையில் நிறுத்துங்கள்.

அடுப்பும் பாத்திரமும் அரிசி மூட்டையும் ஏற்றிப்போகும் வழக்கம் நமக்குண்டு. செலவு குறையும் என்பது மெய்யே. ஆனால் யாருக்கு அது சுற்றுலா? ஆண்கள் படகில் போக, பெண்கள் சாலையோரத்தில் வெங்காயம் நறுக்குவதை நான் பன்முறை கண்டிருக்கிறேன். முதல் நாளுக்குக் கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு, பிற நாட்களில் ஒரு வேளையாவது உணவகத்தில் உண்ணுங்கள். மற்ற வேளைக்குச் சமைப்பதானால், ஊருக்குள் தங்கும் விடுதியில், ஆண்களும் கை கொடுத்துச் சமையுங்கள். காட்டுக்குள் தீ மூட்டுவது கூடவே கூடாது. கருவாடு இல்லாமல் சோறு இறங்காது என்போர் பொட்டலத்தை இறுக மூடிப் பெட்டிக்குள் வைக்கவும். குமுளிக் குரங்குகளுக்கு நம் ஊர் வாசனை பிடித்துப்போனால் வேனின் சன்னலே மிஞ்சாது. நெகிழிப் பையும் புட்டியும் கொண்டுபோனது எத்தனையோ, அத்தனையும் திரும்ப வேண்டும். வீட்டுக்கொரு சாக்குப்பை போதும்.

கடைசியாக ஒன்று. எத்தனை பெரிய அலையிலும் கலங்காமல் நின்று வலை இழுப்பவர், மலை வளைவில் வேனின் பின்னிருக்கையில் அமர்ந்ததும் தலையைத் தொங்கப்போட்டுவிடுவார். முன்னிருக்கைகளைப் பாட்டியாருக்கும் அவருக்கும் ஒதுக்குங்கள். எலுமிச்சம்பழம் ஆளுக்கொன்று கையில் இருக்கட்டும்.